எந்த வரிக்கு இந்தப் பதில்

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையில் தொலைபேசி இல்லாமற் போயிற்று. மிஞ்சியது கடிதம், அதுவும் ஒழுங்காக வந்ததில்லை. கப்பலில் வந்தது, வைத்தியத்துக்கு வந்தவரின் மடியில் வந்தது, பயண அனுமதியான பாஸ் எடுத்து வந்த பெரியவர் ஒருவரின் பைக்குள் மடிந்து வந்தது. பங்குனியில் எழுதியது மாசியில் எழுதியதை முந்திக்கொண்டு வந்தது. கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறைகளில் இருந்தவர்கள் அந்தக் காலத்தில் பதில் எழுதும் முறை ஒன்றைத் தாமாகவே பழகிக்கொண்டார்கள். "உங்கள் மாசி 12ஆம் திகதிக் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. அதில் தங்கச்சியின் சோதனைக் காசு பற்றிக் கேட்டிருந்தீர்கள், கட்டியாயிற்று. காணி உறுதி பற்றிக் கேட்டதற்கு மாமா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. இது இந்த வருசம் நான் எழுதும் நாலாவது கடிதம்." முதலில் எந்தக் கடிதம், பிறகு அதில் எந்தக் கேள்வி, அதன் கீழே பதில். இலக்கம் போட்டது, இடையில் ஒன்று தொலைந்தால் மற்றவருக்குத் தெரியட்டும் என்று.

இதை ஒருவரும் அவர்களுக்குப் படிப்பித்ததில்லை. "ஓம், அப்படியே செய்யுங்கோ" என்று மொட்டையாக எழுதினால், இரண்டு மாதம் கழித்து அதைப் பிரிப்பவர் எதற்கு ஓம் என்று தெரியாமல் தவிப்பார். அந்தத் தவிப்பை ஒருமுறை பட்டவர் அடுத்தவருக்கு அதைக் கொடுக்கமாட்டார்.

1995 ஒக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் தொகுத்த ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம் வெளிவந்தது. இணையத்தில் எழுதுவோருக்கான ஒழுக்க விதிகள் அதில் உள்ளன. வரியை 65 எழுத்துகளுக்குள் வை, கையொப்பம் நாலு வரியைத் தாண்டவேண்டாம் என்பவற்றோடு பதில் எழுதுவது பற்றியும் ஒரு விதி: மூல மடலின் சாரத்தை மேலே சொல், அல்லது இடம் விளங்கும் அளவுக்கு மட்டும் அதிலிருந்து எடுத்து வை. ஏன் என்பதற்கு அது தரும் காரணம் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. செய்திகள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போவதால், மூல மடலைக் காணும் முன்பே ஒருவர் அதற்கான பதிலைக் காணக்கூடும் என்கிறது அது. பங்குனி மாசியை முந்தும் அதே கதை. கலிபோர்னியாவில் இன்டெலிலிருந்து இணையத்துக்கு விதி தொகுத்தவருக்கும், வெள்ளவத்தைக் காலி வீதியில் தபாலுக்குக் காத்திருந்தவருக்கும் ஒரே இடர். இருவரும் கண்டதும் ஒரே வழி.

மின்னஞ்சலின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத தலைப்பு வரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, இது எந்த மடலுக்கான பதில் என்று அந்த மடலின் அடையாளக் குறியைச் சொல்லும். "உங்கள் மாசி 12ஆம் திகதிக் கடிதம்" என்ற வாசகத்தை இயந்திரம் தன் மொழியில் எழுதிக்கொள்வதுதான் அது. நூற்றுக்கணக்கான மடல்களை இழை இழையாகக் கோத்துக் காட்டுவது இந்த வரியின் வேலை. ஆனால் நம்மிற் பலர், ஒரு முகவரிக்கு எழுதினால் எல்லோருக்கும் போகும் மின்னஞ்சல் குழுமத்தின் அந்த முகவரியைத் தேடி எடுக்கச் சோம்பி, கையில் அகப்பட்ட பழைய மடலைத் திறந்து, பதில் பொத்தானை அழுத்தி, தலைப்பை மாற்றிப் புதிய விடயத்தை எழுதிவிடுகிறார்கள். தலைப்பு மாறும், உள்ளே உள்ள குறி மாறாது. சிறுநீரகம் பழுதான ஒருவருக்கான உதவிக் கோரிக்கை, ஊர்க்கோயில் கொடியேற்ற வாழ்த்துகளின் நடுவே போய் ஒளிந்துகொள்ளும். வாழ்த்து இழையைப் படிக்காமல் விட்டவர் கோரிக்கையையும் காணமாட்டார். இந்த ஒரு பழக்கத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும்.

தமிழில் இப்படி மடலும் பதிலுமாக எழுதிப் பார்த்த முன்னோடிகள் 1990களின் நடுவில் தமிழ்.நெட் மடற்குழுவில் கூடியவர்கள். பாலா பிள்ளை நடத்திய அந்தக் குழுவில் மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, இலங்கை, ஐரோப்பா, வட அமெரிக்கா எனப் பரந்திருந்த தமிழர்கள் எழுதினார்கள். ரோமன் எழுத்தில் தமிழை எழுதியவரும் இருந்தார். முரசு அஞ்சலை நிறுவித் தமிழ் எழுத்திலேயே எழுதியவரும் இருந்தார். எழுத்துரு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியேற்றத்தில் இருந்ததால், பொதுவான குறியேற்றம் ஒன்று வேண்டும் என்ற விவாதமும் மடல்களிலேயே நடந்தது. கீழ் 128 இடங்களில் ஆங்கிலத்தையும் மேல் 128 இடங்களில் தமிழையும் வைத்த திஸ்கி என்ற குறியேற்றம் அப்படி மடலும் பதில் மடலுமாக உருவானது. சுவிற்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் நாடு நாடாகச் சிதறியிருந்த தன்னார்வலர்களின் மடல்களால்தான் நடந்தது. ஒருவர் தட்டெழுதுவார், இன்னொரு நாட்டில் மற்றவர் மெய்ப்புப் பார்ப்பார். எந்தச் செய்யுளின் எந்த அடியில் பிழை என்று அந்த அடியை எடுத்து வைக்காமல் எழுதியிருந்தால் ஒரு நூல்கூட முடிந்திராது.

மேற்கோள் எடுப்பதில் தமிழுக்குக் கூடுதலான ஒரு சுமை உண்டு. இன்றைய யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட் வேண்டும். 'அம்மா' என்று எழுதினால் யூனிகோட் கணக்கில் அகரம், மகரம், புள்ளி, மகரம், கால் என 5 குறிகள். அதாவது 15 பைட். மின்னஞ்சலின் பழைய வழிகள் 7 பிட் ஆங்கிலத்துக்காகப் போடப்பட்டவை. அவற்றில் பழுதில்லாமல் அனுப்ப ஒவ்வொரு பைட்டையும் ஒரு சமக்குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாற்றி அனுப்பும் முறை ஒன்று இன்றும் வழக்கில் உள்ளது. அப்படிப் போகும்போது அம்மாவுக்கு 45 இடம். வழியில் ஏதோ ஒரு மென்பொருள் இதை மீள மாற்றத் தவறினால் அம்மா போய் 45 கிறுக்கல்கள் வந்து நிற்கும். மேற்கோளாக மடலுக்கு மடல் சுமக்கப்படும் பகுதியே இந்த மாற்றங்களுக்கு மீண்டும் மீண்டும் ஆளாகிறது. முதலில் பழுதாவதும் அதுவே. பழைய தமிழ்க் குழும மடல்களைப் புரட்டினால், எழுதியவரின் இரண்டு வரி தெளிவாக இருக்க, அவர் வெட்டாமல் விட்ட மேற்கோள் பக்கக்கணக்கில் கேள்விக்குறிகளாய்க் கிடப்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு மேற்கோளைச் சுருக்குவது நாகரிகம். தமிழில் எழுதுபவருக்குத் தன் எழுத்து உயிரோடிருக்கச் செய்யவேண்டிய காரியம் அது.

மேற்கோளுக்குக் கீழே பதில் எழுதுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் தயக்கம் தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததல்ல. கொழும்பில் இயங்கும் பழைய மாணவர் சங்கம் ஒன்றின் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். படிப்பித்த சேர் இருக்கிறார், ரீச்சர் இருக்கிறார், அறுபதைத் தாண்டிய அண்ணைமார் இருக்கிறார்கள், நேற்று உயர்தரம் எழுதியவனும் இருக்கிறான். பள்ளிக்கூட வரலாறு பற்றிச் சேர் ஒரு நீண்ட மடல் எழுதுகிறார். அதில் ஒரு ஆண்டு பிழை. மாணவன் அந்த வரியை மட்டும் வெட்டி எடுத்துக் கீழே திருத்தத்தை எழுதினால், சேரின் கடிதத்துக்குச் சிவப்பு மையால் புள்ளி போட்டது போலாகிவிடும் என்று அஞ்சுகிறான். வாய் காட்டுகிறான் என்பார்கள். ஆகவே மடல் முழுவதையும் கீழே தொங்கவிட்டு, மேலே பொதுவாக எழுதுகிறான்: "சேர் எழுதியதில் சில தவறுகள் உள்ளன." மரியாதை என்று எண்ணி இதைச் செய்கிறான். நடப்பது வேறு. எந்தத் தவறு என்று தெரியாததால் வாசிப்பவர்கள் முழு மடலையும் சந்தேகிக்கிறார்கள். ஒரு ஆண்டுக் கணக்குப் பிழை, சேரின் நினைவே பிழை என்றாகிவிடுகிறது. ரொறொன்ரோவிலிருந்து ஒருவர் "எல்லாமே பிழை என்றுதானே சொல்கிறார்கள்" என்று அதற்கு மேலே எழுதுகிறார்.

ஒருவரின் வரியை அவர் எழுதியபடியே எடுத்து வைப்பது அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை. இவ்வளவுதான் சொன்னார், இதற்கு மேல் சொல்லவில்லை என்பதற்கு அந்த வரியே சாட்சி. "சேர், இந்த ஆண்டு மட்டும் ஒருமுறை பார்க்கவேண்டும், நீங்கள் எழுதிய மற்றவை எனக்குப் புதியவை" என்று அதன் கீழே எழுதும் மாணவன் சேரை அவமதிக்கவில்லை, அவரைக் காக்கிறான். நமது உரையாசிரியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்து வந்தது இதைத்தான். மூலம் மேலே, உரை கீழே. தமக்கு முந்திய ஒருவரின் பொருளை ஏற்காதபோது, அவர் சொன்னதை எடுத்துச் சொல்லி, இப்படி உரைப்பாரும் உளர் என்று பல இடங்களில் பெயர் குறிக்காமல் விட்டு, அது ஏன் பொருந்தாது என்று எழுதினார்கள். ஆளைத் தள்ளி வைத்துவிட்டுக் கருத்தோடு மட்டும் பொருதும் முறை.

நமது சிற்றிதழ்களும் இதைத் தொடர்ந்தன. டொமினிக் ஜீவா 1966 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை' பின்னாளில் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து வந்தது. தி. ஞானசேகரன் 2000 ஜூனில் தொடங்கிய 'ஞானம்' பின்னர் வெள்ளவத்தையிலிருந்து வந்தது. சென்ற இதழில் இன்னார் எழுதிய கட்டுரையில் இப்படிக் குறிப்பிடுகிறார் என்று தொடங்கி, அந்த வாக்கியத்தைக் கொடுத்து, அதன்பின் தன் மறுப்பை வைப்பது இவற்றின் வாசகர் கடிதங்களில் பழகிய நடை. இடம் குறைவு, மாதம் ஒருமுறைதான் வாய்ப்பு, சென்ற இதழ் கையில் இல்லாதவருக்கும் விளங்கவேண்டும். அந்த நெருக்கடி நல்ல பதில்களை எழுத வைத்தது. அச்சுக்கூடங்களில் எழுத்துக் கோத்தவர் தேவைக்கு மேல் ஒரு வரியைக் கோத்திருக்கமாட்டார். ஒவ்வொரு வரிக்கும் கை வலித்தது. இன்று மேற்கோள் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது, அதை வெட்டத்தான் கை வேண்டியிருக்கிறது. 2004இல் வந்த ஜிமெயில் மேற்கோளை மடித்து மறைத்து வைத்தது. கண்ணுக்குத் தெரியாததை வெட்டவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

வெட்டுவதிலும் ஒரு அறம் இருக்கிறது. தமிழில் அது இன்னும் கூர்மையானது. நமது வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் கடைசியில் வருகிறது. "அவர்கள் செய்தது பிழை என்று நான் சொல்லமாட்டேன்" என்பதில் கடைசி மூன்று சொல்லை விட்டுவிட்டால் சொன்னவர் தலைகீழாகிவிடுவார். "பேச்சுவார்த்தைக்குப் போயிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு" என்ற வரியின் முற்பாதியை மட்டும் எடுத்தால் எழுதியவரே அப்படிக் கருதுகிறார் என்றாகும். போர்க்காலத்தில் கொழும்பிலும் புலம்பெயர் நாடுகளிலும் தமிழர் எழுதிய குழுமங்களில் அரை வாக்கியம் ஒன்றால் ஒருவர் மேல் துரோகி என்ற பெயர் ஒட்டிக்கொள்ள முடிந்தது. ஒட்டினால் அது இலேசில் கழன்றதில்லை. ஆகவே தமிழில் மேற்கோள் எடுப்பவர் முற்றுப்புள்ளி வரை எடுக்கவேண்டும். "ஆனால்" என்று அடுத்த வாக்கியம் தொடங்கினால் அதையும் எடுக்கவேண்டும். இதற்கு ஆர்எஃப்சியில் விதி இல்லை. நாமே வைத்துக்கொள்ளவேண்டிய விதி இது.

மடலின் கீழே வெட்டப்படாமல் தொங்கும் வால் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டைப் பகுதிகளின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். 376 பேர் கொழும்பைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வெளிநாட்டுப் பயணத்துக்காகக் காத்திருந்தவர்கள், வைத்தியத்துக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள். மறுநாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவை ஏற்று உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படியொரு நகரத்தில் மின்னஞ்சல் அனுப்புவது என்றால் என்ன என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பையனுக்கு அறை தேடி எழுதிய மடல்: அவன் பெயர், அடையாள அட்டை இலக்கம், லொட்ஜின் பெயர், அறை இலக்கம். அதற்கு வந்த பதில், அந்தப் பதிலுக்கு வந்த பதில், பிறகு யாரோ நல்லெண்ணத்தோடு முழுவதையும் ஒரு குழுமத்துக்கு முன்னனுப்புகிறார். மேலே புதிதாக எழுதியது ஒரு வரி. கீழே, ஒருவரும் பார்க்காத இடத்தில், அந்தப் பையனின் முழு விபரம். குழுமத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று அனுப்பியவருக்குத் தெரியாது.

வாலை வெட்டுவது அந்த நாட்களில் மனிதரைப் பாதுகாக்கும் வேலை. பல குழுமங்களில் பதில் பொத்தானை அழுத்தினாலே மடல் எல்லோருக்கும் போய்விடும். ஒருவருக்கென்று எழுதிய வீசா விடயமும் கலியாணப் பேச்சும் அப்படித்தான் ஊருக்கு வெளிச்சமாகின. போர் முடிந்து பல ஆண்டுகள் போனபின்னும் முகவரி, தொலைபேசி, கடவுச்சீட்டு இலக்கம் என்று இன்னொருவரின் வாழ்க்கையைத் தெரியாமலே இழுத்துக்கொண்டு போகும் மடல்கள் எனக்கும் வருகின்றன. அனுப்பும் முன் கடைசி வரி வரைக்கும் இறங்கிப் பார்க்கும்படி எல்லோரையும் மன்றாடிக் கேட்கிறேன்.

விதிகளை நேசிப்பவர்களோடு நான் முரண்படும் ஒரு இடம் உண்டு. ஒரு சொற் பதில்கள் எழுதவேண்டாம், குழுமத்தை நிரப்பவேண்டாம் என்பார்கள். பொதுவாகச் சரிதான், "நன்றி" என்ற ஒரு சொல்லுக்காக இருநூறு பேரின் பெட்டி திறக்கவேண்டியதில்லை. ஆனால் மரணச் செய்தி வரும்போது? ஊரில் பிறந்து கொழும்பில் வேலை பார்த்து ஸ்காபரோவில் கண்மூடிய ஒருவரின் செய்தி குழுமத்துக்கு வருகிறது. "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று முப்பது பேர் எழுதுகிறார்கள். செத்தவீட்டுக்குப் போகிறவர் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. போய், கதிரையில் கொஞ்ச நேரம் இருந்து, வந்தேன் என்று முகம் காட்டுவதே அங்கே செய்யவேண்டியது. யார் யார் வந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்துக்குப் பிறகு ஆறுதல். விமானம் ஏறிப் போக முடியாதவர்களுக்கு அந்த இரண்டு சொல்தான் அந்தக் கதிரை. அதை வீண் என்று குழும நிர்வாகி தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். மரண அறிவித்தலை முழுமையாக மேற்கோள் காட்டி முப்பது முறை திருப்பி அனுப்பாமல், இறந்தவரின் பெயரை மட்டும் எழுதினால் போதும். முடிந்தவர்கள் அவரைப் பற்றித் தமக்குத் தெரிந்த ஒரு விடயத்தையும் சேர்த்து எழுதலாம்.

இளையவர்கள் இந்த ஒழுக்கத்தை வேறொரு வாசலால் கற்றுக்கொண்டார்கள். கூகிளின் கோடைகாலத் திறமூல நிரலாக்கத் திட்டம் 2005இல் தொடங்கியது. அதில் பல ஆண்டுகளாக உலகப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றிலும் கூடுதலான மாணவர்கள் தெரிவானது மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான். அதே 2005இல் சஞ்சீவ வீரவரன முதலானோர் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 மென்பொருள் நிறுவனத்தினரும், அதற்கு முன்பே அப்பாச்சித் திறமூலத் திட்டங்களில் எழுதிய கொழும்புப் பொறியியலாளர்களும் மடற்குழுவிலேயே முடிவெடுக்கும் பண்பாட்டில் வளர்ந்தவர்கள். குழுவில் எழுதப்படாத முடிவை அப்பாச்சியில் முடிவாகவே கொள்வதில்லை. அங்கே போகும் நம் பிள்ளைகளுக்கு முதலில் இடறுவது "டியர் சேர்" என்ற விளிப்பு. குழுவுக்குச் சேர் இல்லை. பெயர் சொல்லித்தான் எழுதவேண்டும். பெயர் சொல்லி எழுதினாலும் பணிவு குறையாமல் எழுத முடியும் என்பதை வெள்ளவத்தை அறைகளில் இரவிரவாக இருந்து எழுதிய பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கேள்வியை எழுதும் முன் பழைய மடல்களில் தேடிப் பார்ப்பது, முயன்று பார்த்ததை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்பது, பதில் கிடைத்ததும் அது பலித்ததா என்று திரும்பி வந்து எழுதுவது. இந்தக் கடைசிப் பழக்கம் நமது பழைய மாணவர் குழுமங்களில் அறவே இல்லை. நோயாளிக்கு இரத்தம் வேண்டும் என்று மடல் வரும்; கிடைத்ததா, அவர் பிழைத்தாரா என்று ஒருவரும் எழுதமாட்டார்கள்.

பதில் எழுதும்போது நாம் எண்ண மறப்பது மூன்றாவது வாசகரை. எழுதியவர் ஒருவர், பதில் சொல்பவர் இன்னொருவர். அவர்கள் கதைக்கும்போது அங்கே இல்லாமல், பத்து வருடம் கழித்து வந்து படிப்பவர் மூன்றாமவர். யாஹூ 2019 டிசம்பரில் தன் குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களைத் தளத்திலிருந்து நீக்கியது; 2020 டிசம்பர் 15இல் குழுமங்களையே மூடியது. இலக்கியம், ஊர் வரலாறு, சமையல், வைத்தியம், சண்டை, சமாதானம் என்று தமிழர் எழுதிய ஏராளமான மடல்கள் அதோடு போயின. சிலர் மட்டும் மூடும் முன் தம் குழுமத்தை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அப்படிச் சேமித்த கோப்பைத் திறக்கும் ஒருவருக்கு, "நீங்கள் சொல்வது சரி" என்று மேலே நிற்கும் மடலால் ஒரு பயனும் இல்லை. எது சரி என்று சொல்லவேண்டிய மடல் அழிந்துவிட்டிருக்கும். கேள்வியைத் தன்னோடு வைத்துக்கொண்டு நிற்கும் பதில் மட்டும் தனியே கிடந்தாலும் பேசும். மாசி 12ஆம் திகதிக் கடிதம் தொலைந்தாலும், அதில் என்ன கேட்கப்பட்டது என்பதை அதற்கு வந்த பதிலிலிருந்து நாம் அறிகிறோம். போர்க்காலக் கடிதங்கள் பலவற்றை அப்படித்தான் இன்று வாசிக்கவேண்டியிருக்கிறது.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் நமது சஞ்சிகைகளையும் மலர்களையும் துண்டுப்பிரசுரங்களையும் எண்ணிமமாக்கி எவரும் படிக்க வைத்திருக்கிறது. மல்லிகையின் பழைய இதழ்களை இன்று வீட்டிலிருந்தே புரட்டலாம். 1995இலிருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகள் நாம் இதழ்களில் எழுதியதைவிட மடல்களில் எழுதியது கூடுதலாக இருக்கலாம். அவையும் அந்த அலமாரியில் இருக்கவேண்டியவை. ஆனால் அவை அச்சுக்கு என்று எழுதப்பட்டவையல்ல. வாலில் முகவரிகள் இருக்கின்றன, ஒருவருக்கென்று எழுதித் தவறி எல்லோருக்கும் போனவை இருக்கின்றன. குழுமம் நடத்தியவர்கள் தம்மிடம் உள்ள கோப்புகளைத் தேடி எடுத்து, அந்த விபரங்களை நீக்கி, எழுதியவர்களிடம் ஒவ்வொருவராக அனுமதி கேட்கவேண்டும். இப்போதே கேட்கவேண்டும், அவர்களிற் பலர் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.